சந்தன நிறப் பட்டு

இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. மூச்சை மெதுவாக விடு, வலது காலை இடது காலின்மேல் போடு, இன்னும் கொஞ்சம் இறுக்கு, முகத்தை மட்டும் சிரித்த மாதிரி வைத்துக்கொள், கேமராக்காரர் இந்தப் பக்கம்தான் நிற்கிறார். தாளாளர் தவமணி வாழ்த்து மடல் வாசிக்கிறார். சட்டம் போட்ட மடலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, கைதட்டல் வருகிறதா என்று கண்ணாடிக்கு மேலே பார்த்து, வந்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறார். "மனித உடலின் உள்ளுறுப்பு ஒன்றைப் பற்றித் தன் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த அறிவியல் மாமணி, முனைவர் உலகம்மை அவர்களே!" உள்ளுறுப்பு ஒன்று. எந்த உறுப்பு ஐயா, ஈரலா, மண்ணீரலா, வாயைத் திறந்து சொல்லுங்களேன். சொல்ல மாட்டார். அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஜெசிந்தா போன் செய்தாள். என்னிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள், இப்போது இந்தப் பெண்கள் கல்லூரியில் துறைத் தலைவி, இந்தப் பாராட்டு விழாவே அவள் ஏற்பாடுதான். "மேடம், தப்பா நெனச்சுக்கிடாதிய. சிறுநீர்ப்பைன்னு போட வேண்டாம்னு தாளாளர் சொல்லுதாரு. பொம்பளப் பிள்ளைய படிக்கிற எடம், பெத்தவங்க எல்லாம் வருவாங்க, நல்லாருக்காதுங்காரு." நான் கோபப்பட்டிருக்க வேண்டும். "சரி, உள்ளுறுப்புன்னே போட்டுக்கோ ஜெசி" என்றேன். போனை வைத்த பிறகு பார்த்தால் மனசுக்குள் கோபமே இல்லை, நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சிறுநீர் இப்படி முட்டுவதெல்லாம் அந்த மாத்திரையால் வந்த வினை. போட்டதால் அல்ல, போடாததால். தினம் காலையில் ஒன்று, இரண்டு வருடமாக. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானே துண்டுச்சீட்டில் எழுதி, நானே வாங்கி, வைட்டமின் டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். அந்த மாத்திரை என்ன செய்யும் என்று என்னைவிடத் தெரிந்தவர் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. சிறுநீர்ப்பையின் தசையைச் சுருங்கச் சொல்லும் செய்தி, தசையில் இருக்கும் ஏற்பி என்கிற வாசல் வழியாகத்தான் வரும். மாத்திரை அந்த ஏற்பியின் வாயை அடைத்துவிடும், தசை பேசாமல் கிடக்கும். சிக்கல் என்னவென்றால், அதே ஏற்பி எச்சில் சுரப்பியிலும் இருக்கிறது. பை பேசாமல் கிடந்தால் நாக்கும் உலர்ந்து போகும், மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வராது. இன்று ஏற்புரை பேச வேண்டும். நாக்கு ஒட்டி, சொல் குழறி, "வயசாயிட்டுல்லா பாவம்" என்று யாராவது சொல்லிவிட்டால்? அதனால் காலையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நேற்றுப் போட்டதன் மிச்சம் ரத்தத்தில் இருக்கும், விழா பத்தரைக்கு, மதியத்துக்குள் முடிந்துவிடும், எழுந்ததிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சமாளித்துவிடலாம். மாத்திரையைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டேன். நாக்கா பையா என்று கேட்டு நாக்குக்கு ஓட்டுப் போட்டேன். இதில் இரண்டாவது முட்டாள்தனம் தண்ணீர் குடிக்காமல் இருந்தது. குடிக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகிப் பையின் உட்சுவரை எரிக்கும், அவசரம் கூடத்தான் செய்யும். இதை எத்தனை வகுப்பில் பலகையில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். படம் போட்ட கைதான் இன்று தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தது. விளக்கேற்ற வேண்டியவர் வரத் தாமதம். அதுவரை தாளாளர் அறையில் உட்கார வைத்து, வேண்டாம் வேண்டாம் என்கிறபோதே ஒரு பெரிய டம்ளர் காபி. வேண்டாம் என்று மூன்றாவது முறை சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். குடித்தேன்.

கேட்டிருந்தால் சாவி கிடைத்திருக்கும். மேடைக்கு ஏறும் வழியில், பக்கக் கதவுக்கு வெளியே, பூட்டு தொங்கியது. "ரெஸ்ட் ரூம் பூட்டிருக்கு மேடம். விழா அன்னைக்குக் கூட்டம் போயி அசிங்கம் பண்ணிருமாம், சாவி ஆபீஸ்ல இருக்கு. வேணும்னா சொல்லுங்க, ஒரு நிமிஷம், எடுத்துட்டு வந்துருதேன்." ஜெசிந்தா அப்படித்தான் கேட்டாள், சாதாரணமாக, பேனா வேண்டுமா என்று கேட்பது போல. சுற்றிலும் தாளாளர், இரண்டு பேராசிரியர்கள், பூங்கொத்து வைத்துக்கொண்டு ஒரு மாணவி, என் கணவர். "சே, வேண்டாம் வேண்டாம்" என்றேன். அந்த 'சே' எங்கிருந்து வந்தது? நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த இடத்திலும் இப்படித்தான். பெண்களுக்கான கழிப்பறைச் சாவி அலுவலகத்தில் குமாஸ்தாவின் தலைக்கு மேலே ஆணியில் தொங்கும். எடுக்கும்போது அவர் நிமிர்ந்து பார்ப்பார். திரும்ப மாட்டும்போதும் நிமிர்ந்து பார்ப்பார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பார்வைக்குப் பயந்து நாங்கள் நான்கு பெண்களும் மத்தியானம்வரை தண்ணீர் குடிப்பதையே விட்டோம். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, ஒவ்வொருத்தியாக விட்டோம். விட்டுவிட்டு என்ன செய்தோம் என்றால், விடியற்காலையில் ஆட்டுத்தொட்டிக்குப் போய், வெட்டின ஆட்டின் பையை உப்புக்கரைசல் நிரப்பிய பிளாஸ்கில் போட்டுக்கொண்டு, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்து வந்து, நாடா மாதிரி நறுக்கி, உடம்புச் சூட்டில் இருக்கும் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு, அதற்குக் குமிழி குமிழியாகக் காற்று கொடுத்து, நேரம் தவறாமல் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தோம். ஆட்டுக்குச் செய்த உபசாரத்தில் பாதியை எங்களுக்குச் செய்துகொள்ளவில்லை. சொட்டு மருந்து விட்டதும் அந்த நாடா சுருங்கும், அதோடு கட்டிய ஊசி கரி படிந்த உருளையில் மேலே ஏறி வெள்ளைக் கோடு கிழிக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. ஆடு போய்விட்டது, இது இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கிறதே என்று.

இப்போது சுருங்குகிறது. அதே கோடு, எனக்குள்ளே. பல்லைக் கடிக்காதே, தாடை தெரியும். கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்து, வேறு எதையாவது நினை. தாளாளர் என் கண்டுபிடிப்புக்கு வந்துவிட்டார், ஜெசிந்தா எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார், "ஏற்பிகளின் இயக்கத்தில் புதிய வெளிச்சம்." என்ன வெளிச்சம்? சொல்கிறேன், அதையாவது நினைக்கிறேன். பையின் தசையில் இரண்டு வகை ஏற்பிகள். ஒரு வகை கொஞ்சம்தான், ஆனால் சுருங்கும் வேலை முழுக்க அதுதான் செய்யும். இன்னொரு வகை கூட்டம் கூட்டமாக இருக்கும், தொட்டுப் பார்த்தால் ஒன்றும் செய்யாது. வெட்டியாக இவ்வளவு பேர் எதற்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. பாதி ஆயுள் அதில் போயிற்று. கடைசியில் பார்த்தால், அவை தாமாகச் சுருக்குவதில்லை, தசை தளர்வதைத் தடுக்கின்றன. தளர்ந்துகொள் என்று இன்னொரு பக்கமிருந்து செய்தி வரும்போது அதைக் காதில் விழாமல் செய்கின்றன. வயதான பையில், நோய்ப்பட்ட பையில், அவற்றின் கை ஓங்குகிறது. வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் இதைச் சொன்னபோது கைதட்டினார்கள். எனக்கு அங்கே பிடித்தது கைதட்டல் இல்லை, மண்டபத்தின் ஒவ்வொரு மூலையிலும் கழிப்பறை திறந்து கிடந்ததுதான். இதை வந்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

முன்வரிசையில் இவர். என் கணவர் சண்முகவேல், பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டையில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத்தான் பாராட்டு நடப்பது போல. கண்ணால் கேட்கிறார், என்ன, தண்ணீர் வேண்டுமா? ஐயோ, வேண்டாம். தலையை அசைத்தேன். அவருக்கும் தெரியாது. இரண்டு வருடமாக நான் ஏன் கருநீலமும் அரக்கும் மட்டுமே உடுத்துகிறேன், பஸ்ஸில் ஏன் ஏறுவதில்லை, கல்யாண வீட்டில் ஏன் பந்திக்கு முன்னாலேயே கிளம்புகிறேன், எதுவும் தெரியாது. மூட்டுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன், பாவம், தைலம் வாங்கி வந்து தேய்த்து விடுகிறார், நானும் காலைக் காட்டிக்கொண்டு கிடக்கிறேன். டாக்டரிடம் போகலாம். இந்த ஊரில் அதற்குள்ள டாக்டர்கள் எல்லாரும் மருத்துவக் கல்லூரியில் என் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்கள். அவர்கள் முன்னால் போய், எனக்கு அடக்க முடியவில்லை என்று சொல்வதா? சொல்ல வேண்டும் என்று நானே எழுதியிருக்கிறேன். பெண்கள் பத்திரிகையில் தொடராக எழுதினேன். "சகோதரிகளே, கூச்சத்தை விடுங்கள், இது நோய், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை." எழுதிய அன்று அரக்குப் புடவைதான் கட்டியிருந்தேன். இன்று அதுவும் இல்லை. விருந்தாளிக்குக் கல்லூரி எடுத்த பட்டுப்புடவையை உடுத்தித்தான் மேடை ஏற வேண்டும் என்பது இங்கே வழக்கமாம், காலையிலேயே கார் டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். பிரித்தேன். சந்தன நிறம். தண்ணீர் பட்டால் ஒரு துளியைக்கூட மறைக்காத நிறம். இவர் பார்த்துவிட்டு, "உனக்கு இது எடுப்பா இருக்கும் உலகு, எப்பப் பாத்தாலும் இருட்டுக் கலராக் கட்டுத" என்றார்.

அதோ அந்தக் கருநீலப் புடவை. ஓரத்து நாற்காலி, பக்கக் கதவுக்கு மிகக் கிட்டே. நான் உட்கார்ந்த உடனே பார்த்துவிட்டேன். இங்கே பாட்டு ஆசிரியையாக இருப்பவர், பெயர் பிரேமகுமாரி, தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியவர். பாடும்போது நாக்கு ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் மைக்கில் கேட்டது. மற்றவர்களுக்குத் தொண்டை கட்டியது போல இருந்திருக்கும். எனக்குத் தெரியும் அது என்ன சத்தம். இருட்டு நிறம், ஓரத்து இருக்கை, மடியில் பெரிய பை, அடிக்கடி உதட்டை நனைத்துக்கொள்வது. அவரும் மாத்திரைக்காரிதான். நாக்கை இழந்து பாட வந்திருக்கிறார், நான் நாக்கைக் காப்பாற்றி வந்திருக்கிறேன். அவருக்கும் என்னை இப்படி அடையாளம் தெரிந்திருக்குமா? பார்க்காதே டீச்சர், என்னைப் பார்க்காதே. அவர் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பொன்னாடை. எல்லாருக்கும் எல்லாரும் போர்த்துகிறார்கள், நல்லவேளை எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே. "மேடத்துக்கு மூட்டுவலி, எழுந்திரிக்க வேண்டாம்" என்று இவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். தாளாளர் குனிந்து போர்த்துகிறார், அத்தர் வாடை, ஜரிகை கழுத்தில் குத்துகிறது, கேமராவைப் பார்க்கச் சொல்கிறார்கள், இன்னொன்று மேடம், சிரிங்க மேடம், சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் போயிற்று. அடிவயிறு ஒரு நொடி தளர்ந்தது, அவ்வளவுதான். முதலில் சூடு. தொடைக்கடியில், ஆட்டுப்பையைக் கையில் வாங்கும்போது இருக்குமே அந்தச் சூடு. நிறுத்து. நிற்காது. தொடங்கினால் நடுவில் நிற்காது என்று கட்டுரையே எழுதியிருக்கிறேன். கைதட்டுகிறார்கள். நாற்காலியில் வெல்வெட் மெத்தை, அது குடிக்கட்டும், எல்லாவற்றையும் குடிக்கட்டும், கீழே மட்டும் சொட்ட வேண்டாம். கண் நிறைந்துவிட்டது. "அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்று தாளாளர் மைக்கில் சொல்கிறார், கூடம் முழுக்க இன்னொரு கைதட்டல். சுருங்க வைக்கும் மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஏற்பி செல்லின் தோலிலிருந்து நழுவி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். எனக்கு மட்டும் போக ஓர் இடமில்லை. அறுபத்துமூன்று வயதில், மாலையும் கழுத்துமாக, என் பெயரும் படமும் போட்ட பேனருக்குக் கீழே, குழந்தை மாதிரி நனைந்து உட்கார்ந்திருக்கிறேன். செத்துப் போகலாம் போல இருக்கிறது.

"இப்போது மேடம் ஏற்புரை வழங்குவாங்க." ஜெசிந்தா என்னை எழுப்பக் கையை நீட்டினாள். "ஜெசி, மைக்க இங்க குடு. முட்டு வலிக்கி." கொடுத்தாள். பொன்னாடையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். பேசினேன். என்ன அழகாகப் பேசுகிறது இந்த நாக்கு! ஈரமாக, வழுக்கிக்கொண்டு, ஒரு சொல் தடுக்கவில்லை. இதற்காகத்தானே இவ்வளவும். பிளாஸ்கோடு டவுன் பஸ்ஸில் வந்ததைச் சொன்னேன், சிரித்தார்கள். கரி உருளையைச் சொன்னேன். "அந்த உறுப்பு" என்று சொன்னேன். மறுபடியும் "அந்த உறுப்பு." என் வாய்தான். அப்புறம் அந்த வாக்கியத்துக்கு வந்தேன், எத்தனையோ மேடையில் சொன்ன வாக்கியம், "இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல." இவர் முன்வரிசையில் தலையாட்டுகிறார். அடியில் சூடு ஆறிக் குளிர்ந்துவிட்டது, பட்டு தொடையோடு ஒட்டுகிறது. பேசி முடித்தாலும் தப்பிக்க முடியாது, நன்றியுரை, பிறகு நாட்டுப்பண், எல்லாரும் எழுந்து நிற்பார்கள். ஆனால் முகம்தானே கூட்டத்தைப் பார்த்து இருக்கும், பின்பக்கம் பேனருக்குத்தான் தெரியும். அது முடிந்ததும் பொன்னாடையை இடுப்பில் சுற்றிக்கொண்டு குளிர்கிறது என்று சொல்லிவிடலாம். பாளையங்கோட்டையில், சித்திரையில், குளிர்கிறது. சொல்லுவேன். எதையும் சொல்லுவேன்.

கருநீலப் புடவை எழுந்தது. கூனிக்கொண்டு, பையை முன்னால் பிடித்துக்கொண்டு, பக்கக் கதவைத் திறந்து போனார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். பூட்டு. எனக்குத் தெரியும் அங்கே பூட்டு. கதவு மறுபடி திறந்தது, அவர் உள்ளே வந்து சுவரோடு நின்றார், உட்காரவும் இல்லை, நடக்கவும் இல்லை, கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு யாரையாவது கண்ணால் தேடுகிறார். தாளாளர் இன்னொரு மைக்கை எடுத்தார். "டீச்சர், அந்தக் கதவுப் பக்கம். கொஞ்சம் உக்காருங்க. விருந்தினர் பேசிக்கிட்டிருக்காங்கல்லா? ஒரு மரியாதை வேண்டாமா? எங்க போகணும்னாலும் அப்புறம் போய்க்கிடலாம்." கூடமே திரும்பிப் பார்த்தது. பெண் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க ஐயா" என்று உதட்டை அசைத்தார், நாக்கு ஒட்டியிருக்கும், சத்தம் வரவில்லை. அந்தக் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தது போல அத்தனை பேரும் பார்க்கிறார்கள். எனக்காக. எனக்கு மரியாதை செய்வதற்காக. பேசு உலகம்மை, அடுத்த வாக்கியம் தயாராகத்தான் இருக்கிறது, நாக்கும் ஈரமாகத்தான் இருக்கிறது. டீச்சரைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் தப்பித்தேன். தளரவிடாமல் தடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் ஏற்பிகளைப் பற்றித்தான் பாதி ஆயுள் எழுதினேன்.

"ஜெசி, டீச்சருக்கு பாத்ரூம் சாவிய எடுத்துட்டு வா" என்றேன். மைக் கையில் இருந்தது, கூடம் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். "எனக்கும்தான் வேணும். அடக்க முடியல." பெரிய சிரிப்பு, கைதட்டல், தாளாளர்கூடச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் டீச்சர் கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். பேச்சுக்குள் நகைச்சுவை வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள். இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், இன்னும் தாமதமாகிவிடவில்லை. பொன்னாடை மடியில் இருக்கிறது, எழும்போது இடுப்பில் சுற்றினால் போதும். "சிறுநீர்ப்பை ஐயா," என்றேன் தாளாளரைப் பார்த்து. "அந்த உள்ளுறுப்புக்குப் பேரு அதுதான்." பொன்னாடையை மடித்து நாற்காலிக் கைப்பிடியில் போட்டேன். எழுந்தேன். மேடைப் படி இடப்பக்கம், அதற்குப் போக வேண்டுமென்றால் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். திரும்பினேன். சிரிப்பு முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக நின்றது. நடக்கிறேன், பட்டு தொடையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிறது, காது இரண்டும் எரிகிறது. இவர் எழுந்து நிற்கிறார், வாய் திறந்திருக்கிறது, அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, பிறகு பார்க்கிறேன், வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன். வெட்கம் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. அப்படியே கூட வருகிறது. கதவு. வராந்தாவில் வெயில். பிரேமகுமாரி டீச்சர் பூட்டுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நெற்றியெல்லாம் வேர்வை. ஜெசிந்தா சாவியோடு ஓடி வந்து, அவசரத்தில் தப்பாகப் போட்டு, மறுபடி போட்டுத் திறந்தாள். டீச்சர் உள்ளே போகாமல் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார். என் புடவையை அவர் இன்னும் பார்க்கவில்லை.

"நீங்க மொதல்ல போங்கம்மா. நீங்க விருந்தாளி."

"எனக்கு ஆயிட்டு டீச்சர். நீங்க போங்க."